வெட்டி எடுத்த சதைக்குப் பங்கு உண்டா?

பிப்ரவரி 9, 2025

மலேசியாவின் நெகிரி செம்பிலானில் இருக்கும் பகாவிலிருந்து ஓர் அண்ணன் எழுதியது, அப்படியே போடுகிறேன்:

"அப்பாவுக்குக் குடலில் கட்டி எடுத்தபோது, அதில் கொஞ்சம் ஆராய்ச்சிக்கு வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்கள். சந்தோஷமாகச் சரி என்றோம். எப்படியும் எரிக்கப் போகிற சதை. நாலு பேருக்கு மருந்தானால் புண்ணியம். அதற்குப் போய்ப் பணம் வேண்டும், பங்கு வேண்டும் என்று இப்போது பேசுகிறார்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் ஒரு வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து வைத்தியம் பார்க்கிறோம். கழித்துப் போட்டதற்கும் கூலி கேட்பது நியாயமா? நீங்கள் சொல்லுங்கள்."

பிப்ரவரி 9, இரவு

உடனே பதில் எழுதக் கூடாது என்று காலையிலிருந்து பார்த்தேன். முடியவில்லை.

அண்ணே, உங்களிடம் கேட்டார்கள். என் அம்மாவிடம் கேட்கவில்லை.

2016ல் அம்மாவுக்கு மார்பில் கட்டி. ஆப்பரேஷனுக்கு முதல் நாள் சாயங்காலம் நான் மைலோ வாங்கக் கீழே போயிருந்தேன். திரும்பி வந்தபோது அம்மாவின் கட்டைவிரலில் நீல மை. "எதுக்கும்மா?" என்றேன். "ஆப்பரேஷனுக்குத்தானாம், மூணு தாளு" என்றார். அம்மா தோட்டப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு வரைதான். மலாய் பேசுவார், படிக்கத் தெரியாது. முப்பத்தெட்டு வருடம் ரந்தாவ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய கை. கத்திப் பிடியும் பாலுக்கு ஊற்றும் ஆசிட்டும் சேர்ந்து ரேகையைத் தேய்த்துவிட்டன. வங்கியில் மெஷினில் விரலை வைத்தால் நாலு தடவை வைக்க வேண்டும். அந்த மூன்றாவது தாளிலும் அப்படித்தான். இரண்டு ரேகை வெறும் நீலத் திட்டு, மூன்றாவதில்தான் கோடு தெரிந்தது. மூன்றாவது முறை தாள் கொண்டு வந்த ஆஸ்பத்திரித் தம்பியே விரலைப் பிடித்து அழுத்தினாராம்.

அந்தத் தாளை நான் வீட்டுக்கு வந்துதான் படித்தேன். எடுக்கும் திசுவில் மீதியை ஆராய்ச்சிக்கு வைத்துக்கொள்ளலாம், வேறு நிறுவனங்களோடு பகிரலாம், அதிலிருந்து விற்பனைக்கு ஏதும் வந்தால் நோயாளிக்குப் பணம் எதுவும் கிடையாது. எல்லாம் மலாயில், சின்ன எழுத்தில்.

கேட்டிருந்தால் அம்மா "எடுத்துக்கோ தம்பி" என்றுதான் சொல்லியிருப்பார். அதனால்தான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

பிப்ரவரி 10

பணத்துக்கு வருகிறேன்.

ஹென்றியேட்டா லாக்ஸ் என்ற பெயரைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். அமெரிக்காவின் வர்ஜீனியாவில் புகையிலை வயலில் வேலை செய்து வளர்ந்த கறுப்பினப் பெண், ஐந்து பிள்ளைகளுக்குத் தாய். 1951ல் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயோடு பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்குப் போனார். அவரிடம் சொல்லாமலே கட்டியில் ஒரு துண்டு ஜார்ஜ் கை என்பவரின் ஆய்வுக்கூடத்துக்குப் போனது. அதுவரை ஆய்வுக்கூடத்தில் வைத்த மனித செல்கள் சில நாளில் செத்துக்கொண்டிருந்தன. இவருடைய செல் சாகவில்லை. ஏறக்குறைய ஒரு நாளுக்கு ஒரு தடவை இரட்டிப்பானது. அந்த அக்டோபரில் அவர் இறந்தார். வயது 31. செல்லுக்கு ஹீலா என்று பெயர் வைத்தார்கள். போலியோ தடுப்பூசியைச் சோதிக்க அதுதான் உதவியது. பிறகு உலகம் முழுக்கப் போனது, விலைக்கும் போனது.

வீட்டுக்காரர்களுக்கு இருபது வருடத்துக்கு மேல் ஒன்றும் தெரியாது. 1973ல் ஆராய்ச்சிக்காரர்கள் பிள்ளைகளிடம் ரத்தம் கேட்டு வந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அந்தக் குடும்பத்தில் சிலருக்கு மருத்துவக் காப்புறுதி கட்டவே வழி இல்லை. ஒரு காசு பார்க்கவில்லை.

பிப்ரவரி 11

தைப்பூசம். இன்று எழுதுவதில்லை. நேற்றையதில் ஒரு தப்பு இருக்கிறது, நாளை திருத்துகிறேன்.

பிப்ரவரி 12

"ஒரு காசு பார்க்கவில்லை" என்றது தப்பு. எழுபது வருடம் பார்க்கவில்லை என்று எழுதியிருக்க வேண்டும். 2021ல் அவருடைய வாரிசுகள் தெர்மோ ஃபிஷர் என்ற பெரிய கம்பெனி மேல் வழக்குப் போட்டார்கள். 2023 ஆகஸ்டில் சமரசம் ஆனது, தொகை வெளியே சொல்லப்படவில்லை. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் அந்த செல்லை விற்கவும் இல்லை, காப்புரிமை எடுக்கவும் இல்லை என்று சொல்கிறது. ஜார்ஜ் கையும் கேட்டவர்களுக்கெல்லாம் சும்மாதான் கொடுத்தார். இதையும் சொல்லத்தான் வேண்டும். எடுத்தவர் ஒருவர், விற்றவர்கள் வேறு பலர்.

நேற்று கோயிலில் ஒன்று யோசித்தேன். என் பேரனுக்கு முடி இறக்கினோம். திருப்பதியில் காணிக்கை முடியை தேவஸ்தானம் ஏலம் விடுகிறது, எல்லோருக்கும் தெரியும். யாரும் போய் "என் முடிக்குப் பங்கு கொடு" என்று நிற்பதில்லை. ஏன்? கொடுத்தது சாமிக்கு. விற்பதும் தெரியும், பணம் எங்கே போகிறது என்பதும் தெரியும், அன்னதானப் பந்தியில் நாமே உட்கார்ந்து சாப்பிடுகிறோம். அம்மாவின் கட்டியில் இதில் ஒன்றுகூடத் தெரியாது.

பிப்ரவரி 13

முடி திரும்ப வளரும், கட்டியை முடியோடு சேர்க்கலாமா என்று ஒரு தங்கை கேட்கிறார். சரிதான். வளர்வதா வளராததா என்பதற்காக அந்த உதாரணத்தைச் சொல்லவில்லை. தெரிந்து கொடுத்தார்களா என்பதற்காகச் சொன்னேன்.

பிப்ரவரி 20

பகாவ் அண்ணன் மறுபடி எழுதியிருக்கிறார். "ஒரு வெள்ளிக்குப் பதில் சொல்லவில்லையே" என்கிறார்.

வெளிநோயாளிக்கு ஒரு வெள்ளி, நிபுணரிடம் போனால் ஐந்து வெள்ளி. மீதியை அரசாங்கம் போடுகிறது. நான் இருபத்திரண்டு வருடம் ஒரு தனியார் கிளினிக்கில் முகப்பில் உட்கார்ந்தவள். அதே வைத்தியத்துக்கு வெளியே என்ன பில் வரும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அந்த ஒரு வெள்ளி இல்லையென்றால் எங்கள் தோட்டத்து லைன் வீடுகளில் பாதிப்பேர் இன்று இல்லை. அதனால் இந்தக் கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை.

இரண்டு சொல்கிறேன். ஒன்று, அந்த மீதிக் காசு வானத்திலிருந்து வரவில்லை. அம்மா முப்பத்தெட்டு வருடம் வெட்டிய பால் ஏற்றுமதியாகி அதில் வரியும் போயிருக்கிறது. இரண்டு, ஒரு வெள்ளிக்கு வைத்தியம் பார்த்தது அரசாங்கம். திசுவிலிருந்து பொருள் செய்து விற்கப்போவது கம்பெனி. கடன் ஓர் இடத்தில் இருக்க, வேறொருவர் வந்து வசூல் செய்வது எப்படிச் சரியாகும்?

இன்னொன்றும். ஹென்றியேட்டா போனது இலவச வார்டுக்கு. இலவசமாக வைத்தியம் பார்க்கிறோம், அதனால் நோயாளியை ஆராய்ச்சிக்குப் பயன்படுத்தலாம் என்பதுதான் அந்தக் காலத்து மருத்துவர்கள் பலருடைய எண்ணம். அண்ணன் நல்ல மனதோடு சொல்வதும் அந்த இடத்துக்கே போய் நிற்கிறது. அதுதான் எனக்குப் பயம்.

மார்ச் 2

ஜேம்ஸ் ஹாரிசன் காலமான செய்தி வந்திருக்கிறது. ஆஸ்திரேலியக்காரர், 88 வயது. அவருடைய பிளாஸ்மாவில் அபூர்வமான ஓர் எதிர்ப்புப் பொருள் இருந்தது. தாய்க்கும் குழந்தைக்கும் ரத்த வகை ஒத்துப்போகாதபோது போடும் ஆன்டி-டி ஊசியை அதிலிருந்து செய்தார்கள். 1,100 தடவைக்கு மேல் கொடுத்திருக்கிறார். 24 லட்சம் குழந்தைகள் என்று கணக்குச் சொல்கிறார்கள். காசு வாங்கவில்லை.

அண்ணன் இதைக் காட்டி "பார்த்தீர்களா" என்பார். பார்த்தேன். கை எடுத்துக் கும்பிட வேண்டிய மனுஷர். ஆனால் அவருக்குத் தெரியும். ஒவ்வொரு தடவையும் தானே நடந்து போய்க் கையை நீட்டினார்.

மார்ச் 8

ஜான் மூர் வழக்கு. 1976ல் அவருக்கு ஒரு வகை ரத்தப் புற்றுநோய். கலிஃபோர்னியாவில் யுசிஎல்ஏ மருத்துவமனையில் மண்ணீரலை எடுத்தார்கள். அதற்குப் பிறகு ஏழு வருடம் சியாட்டிலிலிருந்து விமானத்தில் போய் ரத்தமும் இன்னும் பலவும் கொடுத்துக்கொண்டிருந்தார், எல்லாம் தன் வைத்தியத்துக்கு என்று நம்பி. அவருடைய செல்லிலிருந்து மருத்துவர் ஆய்வுக்கூடத்தில் வளர்ந்துகொண்டே இருக்கும் ஒரு செல் வரிசை உண்டாக்கி, 1984ல் அதற்குக் காப்புரிமையும் கிடைத்தது. மூர் வழக்குப் போட்டார். 1990ல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றத்தில் தோற்றார். உடம்பை விட்டு வெளியே போன செல் உன் சொத்து இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

மார்ச் 9

"தோற்றார்" என்று நேற்று முடித்தது பாதிதான். சொத்து என்ற கோரிக்கையில் தோற்றார். ஆனால் மருத்துவருக்கு அந்தத் திசுவில் பண ஆதாயம் இருந்தால் அதை நோயாளியிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும், சொல்லாதது தப்பு என்று அதே நீதிமன்றம் சொன்னது. சொத்துரிமை கொடுத்தால் ஆராய்ச்சி நின்றுபோகும் என்பது பெரும்பான்மை நீதிபதிகளின் பயம். மாஸ்க் என்ற நீதிபதி ஒத்துக்கொள்ளவில்லை, மாறுபட்ட தீர்ப்பு எழுதினார்.

எல்லோரும் விற்கலாம், உடம்புக்குச் சொந்தக்காரர் மட்டும் விற்கக் கூடாது என்றால் அது என்ன கணக்கு என்று இரண்டு நாளாக இதே யோசனை.

மார்ச் 9, பிறகு

இதே காலத்து இன்னொருவர், டெட் ஸ்லாவின். ரத்தம் உறையாத நோய். அடிக்கடி ரத்தம் ஏற்றியதில் ஹெபடைடிஸ் பி கிருமி பல தடவை உடம்புக்குள் போய், எதிர்ப்புப் பொருள் ஏராளமாக ஊறிவிட்டது. அவருடைய மருத்துவர் விஷயத்தை அவரிடமே சொல்லிவிட்டார். அவ்வளவுதான் வித்தியாசம். ஸ்லாவின் தன் ரத்த நீரை மில்லிக்கு பத்து டாலர் வரை கம்பெனிகளுக்கு விற்றார். அதே நேரம் ஹெபடைடிஸ் பி கிருமியைக் கண்டுபிடித்த புளூம்பெர்குக்கு இலவசமாகக் கொடுத்தார், சீக்கிரம் ஒரு மருந்து வர வேண்டும் என்று.

ஒரே ஆள் விற்கவும் விற்றார், தானமும் கொடுத்தார். எதை விற்பது, எதைக் கொடுப்பது என்று அவரே முடிவு செய்தார்.

மார்ச் 23

இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு வாரமாக யோசனை.

கிளினிக்கில் இருந்தபோது தாள் படித்துக் காட்டச் சொல்லி எத்தனையோ பேர் வருவார்கள். சொக்சோ (தொழிலாளர் காப்புறுதி) தாள், பள்ளிக்கூடத் தாள், ஆஸ்பத்திரித் தாள். ஒரு நாள் லைனில் பக்கத்து வீட்டு அக்கா நாலு பக்கப் பாரத்தோடு (படிவம்) வந்தார். ஏதோ ஆய்வுக்கு ரத்தம் கேட்டிருந்தார்கள். திங்கட்கிழமை, வெளியே பெஞ்சு நிரம்பி ஆட்கள் நிற்கிறார்கள். நான் முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்லக்கா, சும்மா கையெழுத்துப் போட்டுடுங்க" என்றேன். பேனாவும் நான்தான் கொடுத்தேன்.

அம்மாவின் விரலைப் பிடித்து அழுத்திய தம்பியும் அன்று இப்படித்தான் அவசரத்தில் இருந்திருப்பார். அவர் மேல் எனக்கு இருந்த கோபத்தில் பாதி எனக்கும் சேரும். அந்த அக்கா இப்போது இல்லை. அந்த நாலு பக்கத்தில் என்ன எழுதியிருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

ஏப்ரல் 5

அம்மாவுக்கு ஹீலா செல்லை விளக்கிச் சொல்லப் பார்த்தேன். "ஒரு பொம்பள செத்து எழுபது வருஷமாச்சு, அவ சதை மட்டும் எப்படி உசுரோட இருக்கும்?" என்கிறார். எப்படிச் சொல்வது என்று யோசித்து, "ஒட்டு மரம் மாதிரிம்மா" என்றேன். உடனே புரிந்துகொண்டார்.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இது பால பாடம். ஆர்ஆர்ஐஎம் 600 என்று ஒரு ரப்பர் ரகம், அம்மா வெறும் "அறுநூறு" என்பார். முதலில் அது ஒரே ஒரு மரம். அதிலிருந்து மொட்டை எடுத்து நாற்றின் பட்டைக்குள் செருகிக் கட்டுவார்கள். மொட்டு ஒட்டிக்கொண்டதும் மேலே இருக்கும் நாற்றை வெட்டிவிட்டால், வேருக்கு மேலே வளர்வது முழுக்க அந்தத் தாய் மரமேதான். அதிலிருந்து மொட்டு, அதிலிருந்து இன்னொரு மொட்டு. இன்றைக்குப் பல நாடுகளில் ஏக்கர் கணக்காக நிற்பதெல்லாம் அந்த ஒரு மரத்தின் உடம்பு.

ரப்பரே நம் ஊர்ச் சொத்து இல்லை. 1876ல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் ஆமசான் காட்டிலிருந்து ஏறக்குறைய 70,000 விதையை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டு போனார். முளைத்தது மூவாயிரத்துக்கும் குறைவு. அடுத்த வருடம் 22 கன்று சிங்கப்பூருக்கு வந்தது. மலாயாத் தோட்டமெல்லாம் அப்படி ஆரம்பித்ததுதான். பிரேசில் ரப்பர் வியாபாரம் இதனாலேயே சரிந்தது. நம் பாட்டன் பூட்டன் கப்பலேறி வந்ததும் அந்த விதைக்குப் பின்னால்தான். நான் பிறந்த லைன் வீடே கேட்காமல் எடுத்த விதையில் வந்த வீடு. இதை எழுதும்போது எனக்கே ஒரு மாதிரி இருக்கிறது.

"அந்த மரத்துக்கு என்ன குடுத்தாங்க?" என்று அம்மாவிடம் கேட்டேன்.

"ஏன், உரம் போட்டாங்கல்ல" என்றார்.

ஏப்ரல் 6

ஒருவர், "மரமும் மனுஷியும் ஒன்றா?" என்கிறார். இல்லை. ஆனால் வெட்டுக்காரர்களின் கதையில் எடுத்துக்கொள்ள ஒன்று இருக்கிறது. ரப்பர் விலை ஏறினால் கூலியோடு விலைப் போனஸ் சேரும், தொழிற்சங்கம் பேசி வாங்கிய ஒப்பந்தம் அது. டயர் செய்தது வெட்டுக்காரர் இல்லை. சந்தையில் விலையை ஏற்றியதும் அவர் இல்லை. இருந்தும் மேலே விலை ஏறினால் கீழே கொஞ்சம் வர வேண்டும் என்று ஒத்துக்கொண்டார்கள். கொஞ்சம்தான். விலை இறங்கினால் அதுவும் இல்லை. அம்மாவின் சம்பள அட்டைகளை இன்னும் வைத்திருக்கிறேன், போனஸ் கட்டத்தில் பல மாதம் வெறும் கோடு.

ஏப்ரல் 19

சுங்கை நீப்பா இங்கிருந்து தூரமில்லை. 1998 கடைசியிலும் 1999லும் நடந்ததை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்க முடியாது. முதலில் ஈப்போ பக்கம், அப்புறம் புக்கிட் பெலாண்டோக், சுங்கை நீப்பா. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்துக் கொசு மருந்து அடித்தார்கள். பன்றிப் பண்ணை ஆட்கள் ஒவ்வொருவராகச் சாய்ந்தார்கள். மொத்தம் 265 பேருக்கு நோய், 105 பேர் இறந்தார்கள். பத்து லட்சத்துக்கு மேல் பன்றிகளைக் கொன்றார்கள். ராணுவ லாரிகள் போவதை ரந்தாவ் சாலையில் நின்று பார்த்திருக்கிறேன்.

1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங், நோயாளி ஒருவரின் முதுகுத்தண்டு நீரிலிருந்து புதுக் கிருமியைப் பிரித்தார். அந்த நோயாளி சுங்கை நீப்பாக்காரர். அதனால் கிருமிக்கு ஊர்ப் பெயர். 2024 ஜனவரியில் ஆக்ஸ்ஃபோர்டில் நீப்பா தடுப்பூசியை மனிதர்களிடம் சோதிக்க ஆரம்பித்தார்கள். வங்காளதேசத்திலும் கேரளாவிலும் இந்த நோய்க்கு ஜனங்கள் செத்துக்கொண்டிருக்கும்போது இதைவிட வேண்டியது எதுவும் இல்லை.

ஆனால் கொன்ற பன்றிகளுக்கு அரசாங்கம் இழப்பீடு கொடுத்தது. முதுகுத்தண்டு நீருக்கு யாரும் எதுவும் கொடுக்கவில்லை. ஊருக்குக் கிடைத்தது ஒரு பெயர், அதுவும் யாரும் விரும்பாத பெயர். நோய்களுக்கு ஊர்ப் பெயர் வைக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2015ல்தான் சொன்னது.

ஏப்ரல் 21

பன்றியையும் முதுகுத்தண்டு நீரையும் ஒப்பிட்டதற்கு ஒருவர் கோபப்பட்டிருக்கிறார். நியாயம். பன்றி வளர்த்தவரின் சொத்து, அதனால் இழப்பீடு. முதுகுத்தண்டு நீரை எடுத்தது உயிரைக் காப்பாற்ற. கிருமியும் அவருடையது என்று சொல்ல முடியாது. அந்த வாக்கியத்தை எடுத்துவிடலாமா என்று நினைத்தேன். விட்டுவைக்கிறேன், நானும் கோபத்தில்தான் எழுதினேன் என்று தெரியட்டும். ஆனால் பாருங்கள், மூர் வழக்கு நின்ற இடத்துக்கே வந்துவிட்டோம். சொத்தா இல்லையா என்று மட்டும் கேட்டால் பன்றிக்காரருக்குப் பதில் இருக்கிறது, நோயாளிக்கு இல்லை. கேள்வியை வேறு மாதிரிக் கேட்க வேண்டும்.

ஏப்ரல் 27

கொஞ்சம் வழி மாறிப் போகிறேன். செரம்பானில் பிராடன் என்று ஒரு வெள்ளைக்கார டாக்டர் இருந்தார். பெரிபெரி நோயில் சீனத் தொழிலாளர்கள் கூட்டம் கூட்டமாகச் சாகிறார்கள், தமிழர்களுக்கு மட்டும் ஏன் அவ்வளவாக வருவதில்லை என்று பார்த்தார். நம் ஆட்கள் சாப்பிட்டது புழுங்கல் அரிசி. 1907ல் அதைப் புத்தகமாகவே போட்டார். அதே காலத்தில் ஃபிரேசர், ஸ்டாண்டன் என்ற இரண்டு டாக்டர்கள், நெகிரி செம்பிலான் காட்டுக்குள் சாலை போட வந்த ஜாவாத் தொழிலாளர்கள் 300 பேரை இரண்டாகப் பிரித்து ஒரு பாதிக்கு வெள்ளை அரிசி, மறு பாதிக்குப் புழுங்கல் அரிசி கொடுத்துப் பார்த்தார்கள். வெள்ளை அரிசி சாப்பிட்டவர்களுக்கு பெரிபெரி வந்தது. வைட்டமின் என்ற சொல்லே அதற்கப்புறம்தான்.

அந்த 300 பேரில் ஒருவர் பெயரையும் நான் எங்கும் பார்த்ததில்லை. அந்த இரண்டு டாக்டர்கள் பெயரை மட்டும் எழுத முடிகிறது.

மே 4

"அப்படியானால் முன்கூட்டியே விலை பேசிவிடலாமே" என்று ஒரு தம்பி கேட்கிறார். கட்டிக்கு இவ்வளவு, ரத்தத்துக்கு இவ்வளவு.

வேண்டவே வேண்டாம். சென்னை வில்லிவாக்கத்துக்கு ஒரு காலத்தில் என்ன பெயர் தெரியுமா? கிட்னிவாக்கம். கடன் அடைக்க, பெண்ணைக் கட்டிக்கொடுக்க, சிறுநீரகத்தை விற்றார்கள். 1994ல் சட்டம் வந்தும் புரோக்கர்கள் ஓயவில்லை. கையில் காசைக் காட்டிவிட்டுச் சம்மதம் கேட்டால் ஏழை வாயில் "இல்லை" வராது. பள்ளிக்கூடம் திறக்கும் மாதம் எங்கள் லைனில் யாரிடமாவது ஐந்நூறு வெள்ளியைக் காட்டி என்ன வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

நான் சொல்வது முன்விலை இல்லை. பின்னால் லாபம் வந்தால் அதில் பங்கு.

மே 11

யாருக்குப் பங்கு? இதில்தான் எனக்குத் தூக்கம் போகிறது.

நம் நாட்டில் மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம் 2006லிருந்து 2012 வரை ஒரு லட்சத்து ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் ரத்தமும் விவரமும் வாங்கி வைத்திருக்கிறது, மலேசியன் கோஹோர்ட் என்று. அதிலிருந்து நாளைக்கு ஒரு மருந்து வந்தால் எந்த ஒருவருக்குக் கொடுப்பது? அதிர்ஷ்டச் சீட்டு மாதிரி ஒருவருக்கு விழுந்து மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை என்றால் அதுவும் அநியாயம். ஹென்றியேட்டாவின் செல் சாகவில்லை, அதே வார்டில் இருந்த எத்தனையோ பெண்களின் செல் செத்தது. அவர்களும் கொடுத்தவர்கள்தானே.

இதற்கும் ரப்பரில் ஒரு வழி இருக்கிறது, செஸ். ஏற்றுமதியாகும் ரப்பரில் கிலோவுக்கு இவ்வளவு என்று பிடித்து ஆராய்ச்சிக்கும் மறுநடவுக்கும் போட்டார்கள். எந்த மரத்துப் பால் எந்த டயரில் போனது என்று யாரும் தேடவில்லை. மனிதத் திசுவிலிருந்து வந்த பொருள் விற்பனையாகும்போதும் அப்படி ஒரு செஸ். அது அந்த நோயாளிகளின் வைத்தியத்துக்கு, அந்த ஊர் கிளினிக்குக்கு, ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ் காசுக்கு.

மே 12

செஸ்ஸைப் பற்றி எழுதியபோது ஒன்றை விட்டுவிட்டேன். மறுநடவு மானியம் சிறு தோட்டக்காரருக்குப் போனது, அவர்களில் சிலர் நிமிர்ந்தார்கள். எஸ்டேட்டில் கூலிக்கு வெட்டிய அம்மாவுக்கு அதில் ஒன்றும் வரவில்லை. தோட்டம் வீட்டுமனை ஆனபோது லைனைக் காலி செய்யச் சொன்னதுதான் வந்தது. ஆகவே செஸ் என்று வைத்தால் மட்டும் போதாது. கொடுத்தவர்களின் ஆள் அந்த மேஜையில் உட்கார வேண்டும். ஹீலா மரபணு விவரத்தைக் குடும்பத்தைக் கேட்காமல் 2013ல் ஜெர்மனியில் சில ஆராய்ச்சிக்காரர்கள் வெளியிட்டுவிட்டார்கள், அப்புறம் அமெரிக்க தேசிய சுகாதார நிலையம் ஓர் ஏற்பாடு செய்தது. அந்த விவரத்தை யார் பார்க்கலாம் என்று தீர்மானிக்கும் குழுவில் லாக்ஸ் குடும்பத்தினர் இருவருக்கு இடம் கொடுத்தார்கள். பணம் இல்லை அதில். ஆனால் நாற்காலி இருக்கிறது.

மே 21

நடக்கிற காரியமா என்று கேட்டவர்களுக்கு. 2007ல் இந்தோனேசிய சுகாதார அமைச்சர் சித்தி ஃபாடிலா சுபாரி, பறவைக் காய்ச்சல் கிருமி மாதிரிகளை இனி அனுப்ப மாட்டோம் என்று நிறுத்தினார். எங்கள் நோயாளியிடமிருந்து எடுத்த கிருமியில் தடுப்பூசி செய்வீர்கள், எங்களுக்கே அது கிடைக்காது என்றால் எதற்கு அனுப்ப வேண்டும் என்று கேட்டார். உலகம் அவரைத் திட்டியது. இருந்தும் 2011ல் ஓர் ஏற்பாடு வந்தது. அந்த மாதிரிகளைப் பயன்படுத்தும் கம்பெனிகள் வருடா வருடம் பணம் கட்ட வேண்டும், பெருந்தொற்று வந்தால் தடுப்பூசியில் ஒரு பகுதியைத் தர வேண்டும். நேற்று ஜெனீவாவில் பெருந்தொற்று உடன்பாடு நிறைவேறியிருக்கிறது. ஆனால் மாதிரி கொடுப்பவர்களுக்கு என்ன பலன் என்ற பகுதியை மட்டும் அன்று பேசி முடிக்கவில்லை.

மே 25

மகள் இதையெல்லாம் படித்துவிட்டு ஒன்று சொன்னாள். 2014ல் அவள் இடைநிலைப் பள்ளி முதலாம் படிவத்தில் இருந்தபோது பள்ளியில் எச்பிவி தடுப்பூசி போட்டார்கள். 2010லிருந்து பதின்மூன்று வயதுப் பெண் பிள்ளைகளுக்கு அரசாங்கம் இலவசமாகப் போடுகிறது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு எச்பிவி கிருமிதான் காரணம் என்று கண்டுபிடித்து 2008ல் நோபல் வாங்கியவர் ஹரால்ட் சூர் ஹௌசன். அவருடைய குழு ஹீலா செல்லுக்குள் தேடியபோது அதில் அந்தக் கிருமியின் 18ஆம் வகை இருந்தது. ஹென்றியேட்டாவைக் கொன்றது எது என்று அவருடைய செல்லே காட்டிக்கொடுத்தது.

என் மகளின் கையில் ஏறிய ஊசிக்குப் பின்னால் புகையிலை வயலில் வேலை செய்த அந்தப் பெண் இருக்கிறார். "நாமளும் அவங்களுக்குக் கடன்காரங்கதானேம்மா" என்றாள். வாங்கிக்கொண்டவர்கள் பக்கத்தில் நானும் இருக்கிறேன் என்பதை நாலு மாதமாக நினைத்துப் பார்க்கவே இல்லை.

ஜூன் 8

அம்மாவின் வருடாந்தரப் பரிசோதனை. போன தடவை கதை திரும்பக் கூடாது என்று நான் மைலோ வாங்கக்கூடப் போகவில்லை.

புது ஆய்வுக்கு ரத்தம் கேட்டு ஓர் இளம் டாக்டர் வந்தார், சீனப் பையன், நல்ல மரியாதை. பாரம் மலாயிலும் ஆங்கிலத்திலும். தமிழில் இல்லை. நான் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன், இருபத்தைந்து நிமிடம் ஆனது, அவர் பொறுமையாக நின்றார். "விற்பனையில் பங்கு கிடையாது" என்ற வரி வந்ததும் அம்மா கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். என்னைத் தாண்டி அந்தப் பையனிடமே கேட்டார், சந்தையில் பேசும் பசார் மலாயில்:

"கலாவ் ஜுவால், காசி தாவு யா?"

விற்றால் சொல்வியா.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. இதற்குத் தன்னிடம் பதில் இல்லை, மேலே கேட்டுச் சொல்கிறேன் என்று கேள்வியைப் பாரத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டார். எங்கள் போன் நம்பரையும் வாங்கிக்கொண்டார்.

ஜூன் 15

போன் வரவில்லை. பாரத்தின் நகல் சாமி மேடைக்குக் கீழே இருக்கிறது, அம்மாதான் அங்கே வைத்தார். ரேகை வைக்கும் கட்டம் காலியாக இருக்கிறது. "சொன்னா வைக்கிறேன்" என்கிறார்.

பகாவ் அண்ணனுக்கு: உங்கள் அப்பாவின் பாரம் வீட்டில் இருந்தால் எடுத்துப் பாருங்கள், அந்த வரி அதிலும் இருக்கிறதா என்று.